பெயரில் மட்டும் நிலக்கரி: ம்யூல்ஹைம் ஆய்வு நிறுவனம், ஒரு நிகழ்வு ஆய்வு

நிலக்கரி ஆராய்ச்சிக்கென்றே கட்டப்பட்ட ஒரு நிறுவனம். அதற்கு இயக்குநராக வரும்படி ஒரு வேதியியலாளருக்கு அழைப்பு போகிறது. அவரோ, கார்பன் சேர்மங்களின் வேதியியலில் எனக்குப் பிடித்ததைச் செய்வேன், அதற்கும் நிலக்கரிக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று யாரும் கேட்கக் கூடாது, சம்மதமென்றால் வருகிறேன் என்கிறார். நடந்தது 1943இல், போரின் நடுவே, ஒரு லிட்டர் எரிபொருளுக்கு ஜெர்மனி அல்லாடிய காலத்தில். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் வழிகளில் ஒன்றைக் கண்டுபிடித்ததே அந்த நிறுவனம்தான். அப்படியிருந்தும் நிபந்தனையை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வேதியியலாளர் கார்ல் சீக்லர். ஊர், மேற்கு ஜெர்மனியில் ரூர் ஆற்றங்கரையில் உள்ள ம்யூல்ஹைம். அன்று கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆய்வு நிறுவனம் என்று பெயர், இன்று மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனம். பத்தாண்டுகள் கழித்து அங்கே பிறந்த ஒரு வினையூக்கி, அதாவது வேதிவினையை முடுக்கிவிடும் பொருள், உலகத்தில் பிளாஸ்டிக் செய்யும் முறையையே மாற்றியது. அதனால் இந்தக் கதையை 'விஞ்ஞானிக்குச் சுதந்திரம் கொடுத்தால் எல்லாம் நடக்கும்' என்பதற்குச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதியில் ஒரு அழுக்குப் பாத்திரம், ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் விட்டுப்போன ஒரு சொல், பணம் யார் கைக்குப் போகும் என்ற சட்ட விவரம் எல்லாம் இருக்கின்றன.

நிலக்கரிக்காரர்கள் கட்டிய வீடு

கைசர் வில்ஹெல்ம் சங்கம் 1911இல் தொடங்கப்பட்டது. பேரரசரின் பெயர், தொழிலதிபர்களின் பணம், அறிஞர்களின் மூளை, இதுதான் அதன் அமைப்பு. முதல் நிறுவனங்கள் பெர்லினின் டாலெம் பகுதியில் எழுந்தன. ரூர் பகுதிச் சுரங்க முதலாளிகளோ, எங்கள் பணத்தில் நடப்பது எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்று நினைத்தார்கள். ம்யூல்ஹைம் நகராட்சி நிலமும் கட்டடமும் தர முன்வந்தது. அந்த ஊர்க்காரரான பெருமுதலாளி ஹூகோ ஸ்டின்னெஸ் போன்றவர்களின் ஆதரவும் கிடைத்தது. சர்க்கரைகளின் அமைப்பை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற எமில் ஃபிஷர் 1912இல் ம்யூல்ஹைமுக்கு வந்து, நிலக்கரியை வெறுமனே எரிக்காமல் வேறென்ன செய்யலாம் என்று உரையாற்றினார்.

திறப்பு விழா 1914 ஜூலை 27 அன்று. மறுநாள் ஆஸ்திரியா செர்பியாமீது போர் தொடுத்தது.

முதல் இயக்குநர் ஃபிரான்ஸ் ஃபிஷர். எமில் ஃபிஷருக்கு உறவில்லை. ஜெர்மனியில் ஃபிஷர் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. மின்வேதியியல் பேராசிரியராக இருந்த இவர் 1943 வரை, சுமார் முப்பது ஆண்டுகள் நிறுவனத்தை நடத்தினார். அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. ஜெர்மனியில் நிலக்கரி கொட்டிக் கிடக்கிறது, எண்ணெய் இல்லை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியுமா?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெர்கியுஸ் முறை: நிலக்கரித் தூளின்மேல் நேரடியாக ஹைட்ரஜனை மிக அதிக அழுத்தத்தில் ஏற்றி அதை எண்ணெயாக்குவது. ஃபிஷரும் அவருடைய சக ஆய்வாளர் ஹான்ஸ் டிராப்ஷும் பிடித்தது மற்றொரு வழி. முதலில் நிலக்கரியை முழுக்க உடைத்துவிட வேண்டும். சூடான கோக்கின்மேல், அதாவது சுட்டெடுத்த நிலக்கரியின்மேல், நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அந்த வாயுவை வினையூக்கியின்மேல் ஓடவிட்டால் கார்பன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெட்ரோல், டீசல், மெழுகு என்று நீண்ட சங்கிலிகள் ஆகின்றன. வீட்டை இடித்துச் செங்கல் செங்கலாகப் பிரித்து, அதே செங்கலில் வேறு வீடு கட்டுவதுபோல. 1920களின் தொடக்கத்தில் உயர் அழுத்தத்தில் முயன்றபோது ஆல்கஹால்களும் அமிலங்களும் கலந்த ஒரு திரவம்தான் வந்தது. 1925 வாக்கில் இரும்பு, கோபால்ட் வினையூக்கிகளைக் கொண்டு சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்கள் வந்தன. ஃபிஷர்–டிராப்ஷ் முறை என்று இன்றைக்கும் பாடநூலில் இருப்பது இதுதான்.

டிராப்ஷ் 1928இல் நிறுவனத்தை விட்டுப் போனார். அப்புறம் அமெரிக்கா, பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி 1935இல் மரணம். தன் பெயரில் ஓடிய ஆலைகளை அவர் பார்க்கவில்லை. ரூர்கெமி நிறுவனம் 1934இல் உரிமம் வாங்கி, பக்கத்து ஊரான ஓபர்ஹௌசனில் ஆலை போட்டது. போர்க்காலத்தில் ஜெர்மனியில் இப்படி ஒன்பது ஆலைகள் ஓடின. உச்சத்தில் அவற்றின் உற்பத்தி ஆண்டுக்கு 6 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. பெர்கியுஸ் வழி ஆலைகள் தந்தது இதைவிடப் பல மடங்கு. ஆகவே ஹிட்லரின் டாங்கிகள் முழுக்க ம்யூல்ஹைம் பெட்ரோலில் ஓடின என்று சொல்வது மிகை. ஆனாலும் அந்தப் போருக்கான தயாரிப்பில் இந்த ஆய்வுக்கூடத்துக்குப் பங்கு உண்டு. எண்ணெய் இறக்குமதியை நம்பாமல் சண்டை போட முடியும் என்ற கணக்கே இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளின்மேல் கட்டப்பட்டது. மிஞ்சிய மெழுகிலிருந்து சோப்புக்கான கொழுப்பமிலமும், விட்டென் ஊரில் சாப்பிடும் கொழுப்புகூடச் செய்தார்கள். நிலக்கரியில் வெண்ணெய்! பஞ்ச காலத்து மூளை எங்கெல்லாம் போகும் பாருங்கள்.

இந்த முப்பது ஆண்டுகளும் உத்தரவுக்குச் செய்த ஆராய்ச்சிதான். தொழில் பணம் கொடுத்தது, கேள்வியையும் கொடுத்தது, விடையும் வந்தது. 'சுதந்திரம் இருந்தால்தான் கண்டுபிடிப்பு' என்பவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஃபிஷர்–டிராப்ஷ் முறை இன்னும் சாகவில்லை. பின்னாளில் எண்ணெய்த் தடையைச் சந்தித்த தென்னாப்பிரிக்கா, 1955 முதல் சாசோல் ஆலைகளில் அதையே பெரிய அளவில் ஓட்டியது.

அலுமினியமும் ஒரு கழுவாத கலனும்

சீக்லர் 1898இல் காசல் நகருக்கு அருகே ஹெல்சாவில் பிறந்தவர். மார்பர்க்கில் முனைவர் பட்டம், ஹைடெல்பர்க்கில் பத்தாண்டு, பிறகு ஹாலே. அவருக்குப் பிடித்த விஷயம் உலோகமும் கார்பனும் நேரடியாகப் பிணைந்த சேர்மங்கள், முக்கியமாக லித்தியம் அல்கைல்கள். நிலக்கரி முதலாளிகளுக்கு இதெல்லாம் எதற்கும் உதவாத விளையாட்டாகத்தான் தெரிந்திருக்கும். 1943இல் பதவி ஏற்றாலும் போர் முடியும்வரை ஹாலேயையும் விடவில்லை. 1945இல்தான் முழுமையாக ம்யூல்ஹைமுக்கு வந்தார். ஹாலே சோவியத் பகுதிக்குப் போனது, ம்யூல்ஹைம் பிரிட்டிஷ் பகுதியில் இருந்தது. 1948இல் கைசர் பெயர் போய் மாக்ஸ் பிளாங்க் பெயர் வந்தது.

லித்தியத்தில் தொடங்கிய வேலை 1949 வாக்கில் அலுமினியத்துக்குத் தாவியது. உடன் இருந்தவர் ஹான்ஸ்-கேயோர்க் கெல்லர்ட். டிரைஎத்தில் அலுமினியம் என்ற சேர்மத்தை, இரண்டு கார்பன் கொண்ட எத்திலீன் வாயுவோடு சுமார் 100 டிகிரி வெப்பத்தில், 100 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால், அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இடையே எத்திலீன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நுழைந்து சங்கிலி வளரும். இதை 'வளர்ச்சி வினை' என்றார்கள். இந்த அலுமினியச் சேர்மங்கள் காற்றுப் பட்டாலே தீப்பிடிப்பவை. கையாளத் தனித் திறமை வேண்டும். வளர்ச்சி வினையில் கிடைத்த நேர்ச்சங்கிலி ஆல்கஹால்கள் பின்னாளில் ஆற்றில் மக்கிப்போகும் சலவைப் பொருள்களுக்கு மூலப்பொருளாயின. அதற்கு முன்னால் வந்த கிளைச்சங்கிலிச் சோப்புகளால் ஐரோப்பிய ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்த காலம் அது.

சங்கிலி வளர்ந்தது, ஆனால் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை. சில டஜன் கார்பன்களுக்குப் பிறகு அறுந்தது.

1953இல் எர்ஹார்ட் ஹோல்ட்ஸ்காம்ப் என்ற ஆய்வு மாணவர் இதே வினையைச் செய்தபோது, சங்கிலி வளரவே இல்லை. எத்திலீன் இரண்டிரண்டாகச் சேர்ந்து பியூட்டீன் ஆகி நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகளாக ஒழுங்காக நடந்துவந்த வினை திடீரென்று வேறு பாதையில் போகிறது. எல்லா ஆய்வுக்கூடத்திலும் வாரம் ஒருமுறையாவது நடப்பதுதான். வழக்கமாக என்ன செய்வோம்? 'எங்கேயோ அசுத்தம்' என்று சொல்லி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாகச் செய்வோம். சரியாக வந்ததும் பழையதை மறந்துவிடுவோம்.

ஹோல்ட்ஸ்காம்பும் சீக்லரும் அப்படி மறக்கவில்லை. எது அந்த அசுத்தம் என்று தேடினார்கள். மாதக்கணக்கில் தேடியதில், எஃகு அழுத்தக்கலனின் சுவரில் ஒட்டியிருந்த துளி நிக்கல்தான் காரணம் என்று தெரிந்தது. நிக்கல் இருந்தால் சங்கிலி சீக்கிரம் அறுகிறது. இதற்கு 'நிக்கல் விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். அந்த நிக்கல் எஃகிலிருந்து எப்படி வெளிவந்தது, எந்த நிலையில் வேலை செய்தது என்று இருபது ஆண்டுகள் கழித்தும் அதே நிறுவனத்தில் ஆராய்ந்து 1973இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு அழுக்குப் பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

அடுத்த கேள்வி தானாகவே எழுகிறது. நிக்கல் சங்கிலியை அறுக்கிறது என்றால், மற்ற உலோகங்கள் என்ன செய்யும்? இந்த வேலை ஹைன்ஸ் பிரைல் என்ற மாணவரிடம் போனது. தனிம அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உலோகச் சேர்மமாகக் கலந்து பார்த்தார். கோபால்ட்டும் பிளாட்டினமும் நிக்கலைப் போலவே நடந்தன. பலவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. 1953 அக்டோபர் 26 அன்று சிர்க்கோனியத்தின் முறை வந்தது. கலனைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் இறுகிக் கிடந்தது. அது பாலிஎத்திலீன், எத்திலீன்கள் நீளமாகக் கோத்துக்கொண்டு உண்டாகும் பிளாஸ்டிக். அறுக்கும் உலோகத்தைத் தேடிப் போனவர்களுக்குச் சங்கிலியை முடிவில்லாமல் வளர்க்கும் உலோகம் கிடைத்தது.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு இன்னும் வேகமாக வேலை செய்தது. எவ்வளவு வேகம் என்றால், அழுத்தக்கலனே தேவைப்படவில்லை. ஹைன்ஸ் மார்ட்டின் என்ற உதவியாளர் சாதாரணக் கண்ணாடிக் குடுவையில், சாதாரண அழுத்தத்தில் எத்திலீனைக் குமிழியிடவிட்டுப் பார்த்தார். 'கண்ணாடியிலேயே நடக்கிறது!' என்று கத்திக்கொண்டு சீக்லரின் அறைக்கு ஓடினார் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் கதை. பழுப்புநிறக் கலவைக்குள் வாயு போகப் போக, வெள்ளைத் தூள் சேர்ந்து, கஞ்சிபோல் கெட்டியாகிக் கடைசியில் கலக்கியே சுற்றாமல் நின்றுவிடும். பின்னாளில் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு கண்ணாடி ஜாடியில் இதைச் செய்துகாட்டுவது வழக்கமானது.

இதன் அதிர்ச்சி புரிய வேண்டுமானால், அதுவரை என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். பாலிஎத்திலீன் புதிதல்ல. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் 1933இலேயே கண்டுபிடித்திருந்தது. ஆனால் அதற்கு ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் 200 டிகிரி போல வெப்பமும் வேண்டும். அப்படிச் செய்யும்போது சங்கிலியில் கண்டபடி கிளைகள் முளைக்கும். முள் விறகைக் கட்டினால் இடைவெளி விட்டு உப்பி நிற்கும் அல்லவா, அதுபோல் மூலக்கூறுகள் நெருங்கி அடங்காது. பொருள் மென்மையாக இருக்கும், கொதிநீர் பட்டால் தளர்ந்துவிடும். ம்யூல்ஹைம் முறையில் சங்கிலி நேராக வளர்கிறது. விளக்குமாற்று ஈர்க்குகள் போல் நெருங்கி அடங்கும். அடர்த்தி கூடுகிறது, விறைப்பு வருகிறது, வெந்நீரையும் தாங்குகிறது. நம் ஊர்த் தண்ணீர்க் குழாய்க்கு வந்த வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களும் இந்த வினையூக்கிக் குடும்பத்தின் வாரிசுகள்தான். பித்தளைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைக்க இந்த ஜெர்மானிய ஜாடி தேவைப்பட்டது.

விட்டுப்போன சொல்

1953 நவம்பர் 17 அன்று காப்புரிமை விண்ணப்பம் போனது. வினையூக்கியைப் பற்றிய விவரமெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அது பேசியது எத்திலீனைப் பற்றி மட்டுமே. எத்திலீனுக்கு அடுத்த தம்பியான புரொப்பிலீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இங்கே மிலான் நகரத்துப் பேராசிரியர் ஜூலியோ நாட்டா வருகிறார். 1952இல் ஃபிராங்க்பர்ட்டில் சீக்லர் வளர்ச்சி வினையைப் பற்றிப் பேசியதைக் கேட்டு அசந்துபோனவர் அவர். தான் ஆலோசகராக இருந்த மொண்டெகாட்டினி நிறுவனத்திடம் சொல்லி சீக்லரோடு ஒப்பந்தம் போட வைத்தார். 1953இல் இத்தாலிய வேதியியலாளர்கள் மூவர் ம்யூல்ஹைமுக்கே வந்து தங்கி வேலை பார்த்தார்கள். அதனால் புதிய வினையூக்கியைப் பற்றிய செய்தி மிலானுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தப்படி போகவும் வேண்டும்.

சீக்லர் எத்திலீனின் சாத்தியங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டா நேரே புரொப்பிலீனுக்குப் போனார். 1954 மார்ச் 11 அன்று அவருடைய குறிப்பேட்டில் 'பாலிபுரொப்பிலீன் செய்தாயிற்று' என்று ஒரே வரி. அவருக்குச் சீக்லரிடம் இல்லாத ஒன்று கையில் இருந்தது: எக்ஸ் கதிர்களை வைத்துப் படிக அமைப்பைப் படிக்கும் தேர்ச்சி. கிடைத்த பாலிபுரொப்பிலீனில் ஒரு பகுதி படிகமாக இருப்பதையும், சங்கிலி நெடுக மெத்தில் தொகுதிகள் என்ற ஒற்றைக் கார்பன் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதையும் கண்டுகொண்டார். அந்த ஒழுங்குக்கு 'ஐசோடாக்டிக்' என்று பெயர் சூட்டியவர் அவர் மனைவி ரோசிட்டா. செயற்கை மூலக்கூறு ஒன்று இவ்வளவு ஒழுங்கோடு வளர முடியும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை.

1954 ஜூன் 8 அன்று மொண்டெகாட்டினி விண்ணப்பித்தது. அதில் சீக்லர் பெயர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்றுதான் சீக்லரின் பாலிபுரொப்பிலீன் விண்ணப்பம் போனது. சரியாக எட்டு வாரம் தாமதம்.

சீக்லர் இதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். நம்பிச் சொன்ன ரகசியத்தைக் கொண்டு தனக்கு முந்திக்கொண்டார்கள் என்பது அவர் ஆத்திரம். நாட்டா பக்கம் நின்று பார்த்தால், கொடுத்த தகவலை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்தார், படிக ஒழுங்கைப் புரிந்துகொண்டது முழுக்க அவருடைய சாதனை. இருவருக்கும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். அதற்குள் நாட்டாவுக்குப் பார்க்கின்சன் நோய் முற்றியிருந்தது, மேடையில் துணை தேவைப்பட்டது. பாடநூல்கள் 'சீக்லர்–நாட்டா வினையூக்கி' என்று இரண்டு பெயரையும் ஒரு சிறு கோட்டால் இணைத்திருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த காலத்தில் அந்தக் கோடு அவ்வளவு சுமுகமாக இல்லை.

என் தீர்ப்பு? துரோகம் என்பது பெரிய சொல். நஷ்டம் தொடங்கியது நவம்பர் விண்ணப்பத்தில். எத்திலீன் என்று எழுதிய இடத்தில் அதன் இனத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் மிலானில் என்ன நடந்தாலும் உரிமை ம்யூல்ஹைமில் இருந்திருக்கும். முழுச் சுதந்திரத்தோடு ஆராய்ச்சி செய்த மனிதர், தன் கண்டுபிடிப்பு எவ்வளவு பெரியது என்பதை முதல் சில வாரங்களில் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்னும் சிக்கலானது. படிகப் பாலிபுரொப்பிலீன் யாருக்குச் சொந்தம் என்று 1958 முதல் ஐந்து நிறுவனங்கள் மோதின. கடைசியில் 1983இல் காப்புரிமை போனது சீக்லருக்குமில்லை, நாட்டாவுக்குமில்லை. 1951இலேயே வேறொரு வினையூக்கியால் அதைச் செய்திருந்த ஃபிலிப்ஸ் பெட்ரோலியத்தின் ஹோகன், பேங்க்ஸ் இருவருக்கும் போனது. வினையூக்கிமீதான உரிமை மட்டும் சீக்லர் தரப்பிடம் நிலைத்தது.

பணம் எங்கே போனது

கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. எனக்கு இதுதான் இந்த நிகழ்வின் மையம்.

ம்யூல்ஹைம் நிறுவனம் மாக்ஸ் பிளாங்க் சங்கத்தைச் சேர்ந்தது என்றாலும், சட்டப்படி அது தனி அறக்கட்டளை. நிலக்கரி முதலாளிகள் காலத்து ஏற்பாட்டின் எச்சம். அதனால் உரிமக் கட்டணம் சங்கத்தின் பொதுக் கல்லாவில் கரையாமல், நிறுவனத்துக்கே வந்தது. உரிமங்களைக் கவனிக்க ஸ்டூடியன்கெசல்ஷாஃப்ட் கோலே என்ற தனி நிறுவனம் இருந்தது. கண்ணாடிக் குடுவையில் முதலில் செய்துபார்த்த அதே ஹைன்ஸ் மார்ட்டின்தான் அதன் வழக்குகளைப் பல பத்தாண்டுகள் முன்நின்று நடத்தியவர். ஹெக்ஸ்ட், ஹெர்குலிஸ், ஜப்பானின் மிட்சுயி என்று உலகெங்கும் உரிமம் போனது. உரிமம் வாங்காமல் செய்தவர்கள்மீது அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு போட்டார்கள். சீக்லர் 1973இல் இறந்த பிறகும் வழக்குகள் தொடர்ந்தன. 1990களில்கூடத் தீர்ப்புகள் வந்துகொண்டிருந்தன.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த வருமானம் நிறுவனத்தைத் தாங்கியது. சீக்லரும் மனைவி மரியாவும் அவருடைய 70ஆவது பிறந்தநாளையொட்டிச் சுமார் 4 கோடி மார்க் கொண்ட ஆராய்ச்சி நிதியையும் ஏற்படுத்தினார்கள். இருவரும் சேர்த்த இருபதாம் நூற்றாண்டு ஓவியங்கள் ம்யூல்ஹைம் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆக, 1943இல் கேட்ட சுதந்திரம் ஒரு வாக்குறுதிதான். அதைக் கொடுத்தவர்கள் மறுநாளே பறித்திருக்கலாம். 1954க்குப் பிறகு அது வாக்குறுதியாக இல்லாமல் வங்கிக் கணக்காக மாறியது. அதன் பிறகு யாரும் நிலக்கரியைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. ரூர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. ம்யூல்ஹைமின் கடைசிச் சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. நிறுவனத்தைப் பெற்ற தொழில் செத்துக்கொண்டிருக்க, பிள்ளை சொந்தக் காசில் வாழ்ந்துகொண்டிருந்தது.

காப்பிக்கொட்டையும் நிக்கலும்

சீக்லருக்குப் பிறகு 1969இல் பொறுப்பேற்றவர் குந்தர் வில்கே. சீக்லரிடம் வேலை செய்தபோது எரிச்சலூட்டிய அந்த நிக்கலையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். நான்கு கார்பன் கொண்ட பியூட்டாடையீன் மூலக்கூறுகள் மூன்றை ஒரு பன்னிரண்டு கார்பன் வளையமாகக் கட்டும் முறை அவருடையது. நைலான் 12 அதிலிருந்து வந்தது, காரின் எரிபொருள் குழாய்களில் இருப்பது அதுதான். 

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது குர்ட் சோசெல் கதை. 1960களின் தொடக்கத்தில் அவர் வளர்ச்சி வினையில் வந்த ஹைட்ரோகார்பன் கலவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அழுத்தத்தில் உள்ள எத்திலீன், ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் மேலே, வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் நிற்கும்போது, கலவையின் சில பகுதிகளைக் கரைத்து எடுத்துப் போவதைக் கவனித்தார். அழுத்தத்தைக் குறைத்தால் கரைந்தது அப்படியே கீழே விழுகிறது. வாயுவே கரைப்பானாகிறது, வேலை முடிந்ததும் மிச்சமின்றிப் பறந்துவிடுகிறது.

சரி, இதை எதற்குப் பயன்படுத்துவது? கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரியிலேயே, 73 வளிமண்டலம் போன்ற அழுத்தத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும். விஷமில்லை, விலை மலிவு. ஈரப்படுத்திய பச்சைக் காப்பிக்கொட்டையின் வழியே அதைச் செலுத்தினால் கஃபீனை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது, வறுக்கும்போது மணம் தரப்போகும் பொருள்கள் கொட்டையிலேயே தங்கிவிடுகின்றன. அதற்கு முன் கஃபீனை எடுக்க பென்சீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். பிரெமன் நகரத்துக் காஃபே ஹாக் நிறுவனம் இந்த முறையைத் தொழிலாக்கியது. நிலக்கரி ஆய்வு நிறுவனத்தின் பெயரில் காப்பிக் காப்புரிமை! 1912இல் கூடியிருந்த சுரங்க முதலாளிகளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஐந்து பேரின் ஆட்சி

எண்பது ஆண்டுகள் ஒரே இயக்குநர் என்ற முறையில் மூன்றே பேர் ஆண்ட இடம் அது. 1993இல் பொறுப்பேற்ற மான்ஃப்ரெட் ரீட்ஸ் காலத்தில் இது ஐந்து துறைகள், ஐந்து இயக்குநர்கள் என்று மாறியது. உரிமக் காலங்கள் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. தனியொருவரின் ரசனையில் நிறுவனத்தையே பணயம் வைக்க அதற்குமேல் முடியாது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரீட்ஸ் 1997இல், உயிர்களின் உடலில் வினையூக்கியாக வேலை செய்யும் நொதிகளை ஆய்வுக்கூடத்தில் 'பரிணமிக்க' வைத்துப் பார்த்தார். ஒரு பாக்டீரியாவின் லைபேஸ் நொதி, வலக்கை–இடக்கை போன்ற இரட்டை மூலக்கூறுகளை வேறுபடுத்தத் தெரியாமல் இருந்தது. அதன் தேர்வுத் திறன் 2 சதவீதம். மரபணுவில் தற்செயல் மாற்றங்களைப் புகுத்தி, நல்லதைப் பொறுக்கி, நான்கு தலைமுறை கடந்ததும் 81 சதவீதம் ஆனது. நொதிகளின் வழிநடத்தப்பட்ட பரிணாமத்துக்கு 2018இல் ஃபிரான்சிஸ் ஆர்னால்டுக்கு நோபல் வந்தபோது ரீட்ஸ் பெயர் அதில் இல்லை. அந்த வரிசையில் அவருக்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம்.

நோபல் வந்தது வேறொருவருக்கு. பென்யமின் லிஸ்ட் 2003இல் ம்யூல்ஹைமுக்கு வந்து 2005இல் இயக்குநரானவர். உலோகமும் வேண்டாம், நொதியும் வேண்டாம், புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலமே வினையூக்கியாகும் என்று காட்டியதற்காக 2021இல் டேவிட் மெக்மில்லனோடு பரிசைப் பகிர்ந்தார். அந்த முதல் ஆய்வு 2000இல் கலிபோர்னியாவில் நடந்தது; ம்யூல்ஹைம் அதை வாரிக்கொண்டு வளர்த்தது. செய்தி வந்தபோது மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் விடுமுறையில் இருந்தார். உலோகக் கரிமச் சேர்மங்களால் பெயர் பெற்ற ஒரு வீட்டில், உலோகமே இல்லாத வினையூக்கிக்குப் பரிசு.

சீக்லருக்கும் லிஸ்டுக்கும் வந்த இரண்டு பரிசுகளுக்கும் நடுவில், வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வேலை இருக்கிறது. போரிஸ்லாவ் போக்டானோவிச்சும் அவருடைய சக ஆய்வாளரும் 1997இல், சோடியம் அலுமினியம் ஹைட்ரைடில் கொஞ்சம் டைட்டானியத்தைச் சேர்த்தால் அது ஹைட்ரஜனை வெளியே விட்டு மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று கண்டார்கள். அதுவரை திரும்ப நிரப்ப முடியாது என்று ஒதுக்கப்பட்ட பொருள் அது. எரிபொருளாக ஹைட்ரஜனைச் சேமிக்க வழி தேடுபவர்கள் உலகெங்கும் அதன் பின்னால் ஓடினார்கள். அலுமினியமும் டைட்டானியமும்: 1953இல் மார்ட்டினின் குடுவையில் இருந்த அதே ஜோடி.

ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம், பொட்ரோப்பில் உள்ள புரோஸ்பர்-ஹானியல், 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கார்பனுக்கு ஜெர்மன் மொழியில் கோலன்ஸ்டோஃப் என்று பெயர், கோலே என்றால் நிலக்கரி. ஆகவே கைசர் வில்ஹெல்ம் சதுக்கத்தில் உள்ள அந்தக் கட்டடத்தின் கோலன்ஃபோர்ஷுங் (நிலக்கரி ஆய்வு) என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. நிலக்கரி என்று படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம், கார்பன் என்று படிக்க விரும்புகிறவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.